சான்றிதழ் பெற்ற மறுநாள்

இடம்பெயர்ந்து வரும் பெண்களுக்கு வாழ்வாதாரம் அமைத்துத் தருவது பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் அரசுகளும் தொண்டு நிறுவனங்களும் முதலில் தேர்ந்தெடுப்பது தொழிற்பயிற்சியை. அத்தொழிற்பயிற்சிகளுள் முதலில் இடம்பெறுவது தையல். 1947இல் நாடு பிரிந்தபோது மேற்குப் பஞ்சாபிலிருந்து தில்லிக்கு வந்து சேர்ந்த பெண்களுக்காகத் திறக்கப்பட்ட இல்லங்களிலும், 1983க்குப் பின் இலங்கையிலிருந்து வந்த தமிழர்களுக்காகத் தமிழ்நாட்டில் அமைந்த முகாம்களிலும், 2012இல் சிரியர்களுக்காக ஜோர்டான் திறந்த ஸாத்தாரி முகாமிலும் இதுவே நடந்தது. காலமும் மொழியும் சமயமும் வேறாக இருந்தும் தீர்வு மட்டும் மாறாதிருப்பதற்கு, அது எங்கும் முழுமையாகப் பலித்துவிட்டது என்பதைவிட, அதைக் கொடுப்பது எளிது என்பதே காரணமாகத் தெரிகிறது. ஓர் அறை, பத்துப் பன்னிரண்டு இயந்திரங்கள், ஓர் ஆசிரியை, சில மாத வகுப்பு, முடிவில் சான்றிதழ் வழங்கும் விழா என்று ஆண்டறிக்கையில் எண்ணிக் காட்டத்தக்க வேலை அது.

சான்றிதழ் பெற்ற மறுநாள் அந்தப் பெண்ணின் நிலை என்ன என்பதை எந்த ஆண்டறிக்கையும் அதே அக்கறையுடன் எண்ணுவதில்லை. அவள் தைத்ததை வாங்குவோர் யார், முகாமைவிட்டு வேலைக்குப் போய்வர அவளுக்கு எவ்வளவு நேரம் அனுமதி, கடன் கேட்டால் வங்கி எந்த ஆவணத்தைக் காட்டச் சொல்லும், அவள் வெளியே போனால் குழந்தையைப் பார்த்துக்கொள்வது யார், வந்த பணம் யாருடைய கையில் தங்கும் ஆகிய கேள்விகளுக்கு விடை கிடைக்காதவரை, கற்ற தொழில் கையில் இருந்தும் வருமானமாக மாறுவதில்லை. அகதிப் பெண்ணுக்கு இல்லாதவற்றுள் மிகச் சிறியது தொழில்திறன் என்பதும், பெரியவை சட்டத்திலும் சந்தையிலும் வீட்டிலும் இருக்கின்றன என்பதும், மேற்சொன்ன மூன்று இடங்களின் அனுபவத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது புலப்படுகின்றன.

பொருளாதாரத் தற்சார்பு என்பதை வெறுமனே சம்பாதிப்பது என்று பொருள்கொள்வதில் ஒரு சிக்கல் உண்டு. சம்பாத்தியத்தை எப்படிச் செலவிடுவது என்று தானே முடிவுசெய்யும் உரிமையும், கூலி போதாத வேலையை மறுக்கும் அளவுக்குக் கையில் கொஞ்சம் சேமிப்பும், உதவித்தொகை ஒரு மாதம் தாமதமானாலும் அடுப்பு எரியும் என்ற உறுதியும் சேர்ந்தால்தான் அது தற்சார்பு ஆகும். ரித்விக் கட்டக் 1960இல் எடுத்த ‘மேகே டாக்கா தாரா’ திரைப்படத்தில், கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து கல்கத்தாவின் புறநகர்க் குடியிருப்பில் வாழும் குடும்பத்தின் மூத்த மகள் நீத்தா உழைத்து எல்லாரையும் காப்பாற்றுகிறாள். அண்ணன், தங்கை, காதலன் எல்லாரும் அவளுடைய உழைப்பில் ஏறி அவரவர் கரையைச் சேர, அவளுக்குக் காசநோய்தான் மிஞ்சுகிறது. சம்பாதிக்கும் பெண்ணும் தற்சார்புள்ள பெண்ணும் ஒருவரல்லர் என்பதைப் பல ஆய்வறிக்கைகளைவிடத் தெளிவாக அந்தப் படம் சொல்லிவிட்டது.

முகாமின் வரவு செலவு

இலங்கையில் நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் தொடங்கி நான்கு கட்டங்களாகத் தமிழ்நாட்டுக்கு வந்தவர்களின் தொகை 3 லட்சத்தைத் தாண்டும். அவர்களுள் திரும்பிப் போனவர்களும் வேறு நாடுகளுக்குச் சென்றவர்களும் போக, தமிழ்நாடு அரசு 2021இல் சட்டமன்றத்தில் அளித்த கணக்கின்படி 58,000க்கும் மேற்பட்டோர் 108 முகாம்களிலும், ஏறத்தாழ 34,000 பேர் காவல்நிலையத்தில் பதிவுசெய்துகொண்டு முகாமுக்கு வெளியிலும் வாழ்ந்துவந்தனர். பின்னவரை ‘வெளிப்பதிவு’ என்று முகாம் மக்கள் சொல்வார்கள். வெளிப்பதிவினர் வீட்டு வாடகையைத் தாமே கட்டிக்கொண்டு வாழ்பவர்கள் ஆதலால், மாத உதவித்தொகை அவர்களுக்குக் கிடையாது.

முகாமில் இருப்போர்க்கு அரசு தரும் மாத உதவித்தொகையின் அலுவல் பெயர் பணக்கொடை. 2021 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் 110ஆம் விதியின்கீழ் அறிவித்த சுமார் 317 கோடி ரூபாய்த் திட்டங்களுள் பணக்கொடை உயர்வும் ஒன்று: குடும்பத் தலைவருக்கு 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆகவும், மற்றப் பெரியவர்களுக்கு 750இலிருந்து 1,000 ஆகவும், சிறுவர்களுக்கு 400இலிருந்து 500 ஆகவும் அது உயர்த்தப்பட்டது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் கொண்ட குடும்பத்துக்கு இது மாதம் 3,500 ரூபாய். அரிசி கிடைக்கிறது, வாடகை இல்லை என்பவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டாலும், இந்தத் தொகை குடும்பத்தைப் பட்டினியிலிருந்து காப்பதற்கு மேல் எதையும் செய்யாது. ஆகவே வேலைக்குப் போவது விருப்பத்தைப் பொறுத்த விஷயமாக இருந்ததே இல்லை. ஆண்கள் பெரும்பாலும் பெயின்ட் அடிக்கும் வேலைக்குப் போகிறார்கள். பெண்கள் வயல்வேலை, சித்தாள் வேலை, துணிக்கடை, நூற்பாலை, பின்னலாடை நிறுவனம் என்று முகாம் அமைந்திருக்கும் ஊருக்கு ஏற்பக் கிடைத்த கூலிக்குச் செல்கிறார்கள். ‘வேலையற்ற அகதிப் பெண்களுக்குத் தொழிற்பயிற்சி’ என்று திட்ட அறிக்கைகளில் காணப்படும் தொடர், இப்பெண்கள் நாற்பது ஆண்டுகளாக உழைத்துவருவதைக் காணாமல் எழுதப்பட்டது என்றே சொல்ல வேண்டும்.

பணக்கொடையில் குடும்பத் தலைவருக்கும் மற்றவருக்கும் இடையிலுள்ள 500 ரூபாய் வேறுபாடு சிறியதுதான். ஆனால் குடும்பத் தலைவர் என்று ஒருவரைக் குறித்து அவர்வழியாகக் குடும்பத்தைக் கணக்கில் கொள்ளும் பதிவுமுறை, கணவன் உள்ள வீடுகளில் பெண்ணை அவருடைய பெயருக்குக் கீழே ஒரு வரியாக நிறுத்திவிடுகிறது. அவள் பிரிந்து வாழ முடிவெடுத்தால் தனிப் பதிவும் தனி வீடும் கேட்டு அலுவலகத்துக்கு நடக்க வேண்டியிருக்கும். கைத்தொழிலால் ஈட்டும் வருமானம் அவளுக்குத் தரவேண்டிய துணிச்சல் முதலில் உரசிப்பார்க்கப்படும் இடம் இதுவே. எந்தப் பயிற்சித் திட்டமும் இந்தப் பதிவேட்டைத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

ஒரே முகாமில் இருபது தையற்காரிகள்

தையற்பயிற்சியின் பொருளாதாரம் எளிய கணக்கில் அடங்கும். இருநூறு குடும்பங்கள் உள்ள முகாமில் இருபது பெண்கள் ரவிக்கை தைக்கக் கற்றுக்கொண்டால், ஒவ்வொருவருக்கும் வாடிக்கையாளராகக் கிடைப்பவை பத்துக் குடும்பங்கள். அக்குடும்பங்களும் அதே பணக்கொடையையும் அதே தினக்கூலியையும் நம்பியிருப்பவை. கற்றவர் தொகை கூடக்கூடத் தையற்கூலி குறையும். முகாமுக்குள்ளேயே சுற்றிவரும் பணத்தைப் பங்குபோட்டுக்கொள்ளத்தான் பயிற்சி உதவுகிறதே ஒழிய, வெளியிலிருந்து புதுப் பணத்தை உள்ளே கொண்டுவருவதில்லை. பொருளியலார் உள்ளூர்ச் சந்தையின் தேக்கம் என்று விளக்கும் இந்நிலையை முகாம் பெண்கள் தம் சொந்த அனுபவத்திலேயே அறிந்திருக்கிறார்கள். இயந்திரங்கள் பல மூலையில் துணி போர்த்திக் கிடப்பதற்குச் சோம்பல் காரணமன்று.

வெளிச்சந்தைக்குப் போகலாமே என்றால், அங்கே கேட்கப்படும் திறன் வேறு. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் மின்மோட்டாரில் ஓடும் தையல் இயந்திரத்தைப் ‘பவர் டேபிள்’ என்றும், துணியின் ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்கும் இயந்திரத்தை ‘ஓவர்லாக்’ என்றும் சொல்வர். அங்கே ஒருவர் முழு ஆடையையும் தைப்பதில்லை. கை வைப்பது ஒருவர், கழுத்துப்பட்டி வைப்பது மற்றொருவர் என்று வேலை பிரிக்கப்பட்டு, ‘பீஸ் ரேட்’ எனப்படும் எண்ணிக்கைக் கூலியாகவோ ‘ஷிப்ட்’ கணக்கிலோ பணம் தரப்படுகிறது. காலால் மிதிக்கும் இயந்திரத்தில் ரவிக்கையும் பாவாடையும் தைத்துப் பழகியவர் அந்த வேகத்துக்கு வர மறுபடியும் கற்க வேண்டும். பயிற்சி அளிப்போர் தம்மிடம் இருக்கும் இயந்திரத்தைக் கொண்டு பாடத்தை வகுக்கிறார்கள். தொழிற்கூடம் எந்த இயந்திரத்தை வைத்திருக்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டுப் பாடத்தை வகுப்பது அரிதாகவே நடக்கிறது.

அப்படியே வேலை கிடைத்தாலும் முகாமின் நேரமும் தொழிற்கூடத்தின் நேரமும் பொருந்துவதில்லை. முகாம்களில் குறித்த நாள்களில் வருவாய்த்துறை அலுவலர் முன்னிலையில் குடும்பத்தார் நேரில் நின்று கையெழுத்திட வேண்டும். ‘செக்கிங்’ என்று முகாமில் வழங்கும் இத்தணிக்கைக்கு வராதவரின் பணக்கொடை நிறுத்தப்படலாம். வெளியூரில் தங்கி வேலைசெய்யும் பெண் செக்கிங் நாளுக்காக ஷிப்டை விட்டுவிட்டு ஊர்திரும்ப வேண்டும், அல்லது பணக்கொடையை இழக்கத் துணிய வேண்டும். மாதத்துக்கு ஒருமுறையேனும் இப்படி விடுப்புக் கேட்கும் ஊழியரை எந்த மேற்பார்வையாளரும் முதலில் விரும்பிச் சேர்ப்பதில்லை. இது கொடுமை செய்யும் நோக்கில் வகுக்கப்பட்ட விதியன்று. ஆள் இல்லாமலே உதவித்தொகை பெறுவதைத் தடுக்கவும் பாதுகாப்புக் காரணங்களுக்காகவும் ஏற்பட்டது. எனினும் ஒரு பெண்ணின் சம்பளத்தை அது எவ்வளவு குறைக்கிறது என்று கணக்கிட்டால், பயிற்சிக்குச் செலவழித்த பணத்தை அரசின் மற்றொரு கை திரும்ப எடுத்துக்கொள்வது விளங்கும்.

சட்டம் விதிக்கும் எல்லை

அகதிகளின் நிலை குறித்த 1951ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை, சம்பள வேலை, சுயதொழில், தொழில்முறைப் பணி ஆகிய மூன்றையும் 17 முதல் 19 வரையிலான பிரிவுகளில் தனித்தனியே பேசுகிறது. இந்தியா அந்த உடன்படிக்கையிலும் அதன் 1967ஆம் ஆண்டு நெறிமுறையிலும் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இயற்றவில்லை. ஆகவே இலங்கையிலிருந்து வந்தவர்கள் சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டவராகவும், குடியுரிமைச் சட்டத்துக்கு 2003இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி பெரும்பாலும் ‘சட்டவிரோதக் குடியேறிகள்’ என்ற வகைக்குள்ளும் வந்துவிடுகிறார்கள். 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளைக் குறித்ததே ஆதலால் அதனாலும் இவர்களுக்குப் பயனில்லை. 2025 செப்டம்பரில் மத்திய உள்துறை வெளியிட்ட விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9ஆம் நாள்வரை வந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழர்களைக் கடவுச்சீட்டு, விசா இல்லாமைக்கான தண்டனையிலிருந்து விடுவித்திருக்கிறது. தலைக்குமேல் தொங்கிய ஓர் அச்சம் அதனால் நீங்கியது உண்மை. ஆனால் தண்டனை இல்லை என்பதற்கும் உரிமை உண்டு என்பதற்கும் இடையே நெடுந்தூரம் இருக்கிறது.

அந்தத் தூரம் சிறுதொழில் தொடங்கும் பெண்ணை எங்கே தொடுகிறது என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் விதிகளின்படி இலங்கைக் குடிமக்கள் ரிசர்வ் வங்கியின் முன்அனுமதி இல்லாமல் இந்தியாவில் அசையாச் சொத்து வாங்க முடியாது. 5 ஆண்டுக்கு மிகாத குத்தகைக்கு மட்டுமே விலக்கு உண்டு. சொந்தமாக ஒரு சென்ட் நிலமும் இல்லாதவர் வங்கியில் ஈடு வைப்பதற்கு நகையைத் தவிர வேறெதுவும் இல்லை. ஈடு கேட்காத முத்ரா கடனோ இந்தியக் குடிமக்களுக்கு என்று வகுக்கப்பட்டது. முகாம்வாசிகள் பலரிடம் ஆதார் அட்டையும் வங்கிச் சேமிப்புக் கணக்கும் இருக்கின்றன; பணம் போடவும் எடுக்கவும் அவை போதும், தொழிலுக்குக் கடன் வாங்கப் போதா. வங்கி ஒதுங்கிக்கொள்ளும் இடத்தில் வாரவட்டிக்காரர் வந்து நிற்கிறார். ஒரு கிரைண்டரும் மாவு அரைக்கும் இடமும் இருந்தால் பிழைத்துக்கொள்ளக்கூடிய பெண், அதற்கான முதலை வாரவட்டிக்கு வாங்கி, லாபத்தை வட்டியாகவே கட்டி முடிப்பது இப்படித்தான்.

இதே நாட்டில் வேறொரு அகதிச் சமூகத்துக்கு வேறுவகை ஏற்பாடு இருப்பதை ஒப்பிட்டுப் பார்ப்பது பொருந்தும். 1959இல் தலாய் லாமாவைத் தொடர்ந்து வந்த திபெத்தியர்களுக்குக் கர்நாடகத்தின் பைலகுப்பே போன்ற இடங்களில் வேளாண் நிலத்தோடு கூடிய குடியிருப்புகள் ஒதுக்கப்பட்டன. அவ்வாண்டு அக்டோபரில் டார்ஜிலிங்கில் தொடங்கப்பட்ட திபெத்திய அகதிகள் சுயஉதவி மையம், கம்பளம் நெய்யும் பெண்களின் உழைப்பை வெளிநாட்டுச் சந்தையோடு இணைத்தது. 2014இல் மத்திய அரசு வெளியிட்ட திபெத்தியர் மறுவாழ்வுக் கொள்கை, நிலக் குத்தகை, வணிக உரிமம், நலத்திட்டங்களில் பங்கு ஆகியவற்றை மாநில அரசுகள் வழங்குவதற்கு ஒரு பொது வழிகாட்டியாக அமைந்தது. குளிர்காலத்தில் தமிழ்நாட்டு நகரங்களின் நடைபாதையில் கம்பளிச் சட்டை விற்கும் திபெத்தியப் பெண்களுக்குப் பின்னால் அத்தகைய ஏற்பாடுகள் இருக்கின்றன. குடியுரிமை கொடுக்காமலேயே தொழில் செய்யும் உரிமையைக் கொடுக்க முடியும் என்பதற்கு இந்திய அரசே வைத்திருக்கும் முன்மாதிரி இது. தமிழர் முகாம்களுக்கு அதை ஏன் நீட்டிக்கவில்லை என்ற கேள்வி தில்லியில் உரக்கக் கேட்கப்பட்டதில்லை.

பிரிவினை கற்பித்தவை

நாடு பிரிந்த காலத்தின் அனுபவம் இதே கருத்தை மறுபுறத்திலிருந்து உறுதிசெய்கிறது. 1947 நவம்பரில் நிவாரண, மறுவாழ்வு அமைச்சகத்தில் பெண்களுக்கென்று ஒரு தனிப் பிரிவு ராமேஸ்வரி நேருவின் பொறுப்பில் தொடங்கப்பட்டது. கணவனையும் ஆண் உறவினரையும் இழந்து வந்தவர்களைத் துணையற்ற பெண்கள் என்று வகைப்படுத்தி, அவர்கள் தங்குவதற்கு இல்லங்களையும், கற்றுக்கொண்டே உற்பத்தியும் செய்யத்தக்க பயிற்சிக்கூடங்களையும் அப்பிரிவு நடத்தியது. ஆணின் துணையால் பெண்ணை அளக்கும் அந்த வகைப்பாடு இன்று உறுத்தலாகத் தோன்றினாலும், அந்தப் பெண்களை அரசு தன் நேரடிப் பொறுப்பாக ஏற்றுக்கொண்டது என்பதையும் மறுக்க முடியாது.

அப்போதும் தையலும் பூவேலையும்தான் கற்பிக்கப்பட்டன. ஆனால் இரண்டு செய்திகள் அவற்றை வருமானமாக மாற்றின. ஒன்று விற்பனை. அகதிப் பெண்களின் கைவேலையை விற்பதற்கென்றே தில்லியில் ஒரு கடை திறக்கப்பட்டது. ஹங்கேரியில் பிறந்து பி.கே. நேருவை மணந்த ஃபோரி நேரு உள்ளிட்ட பெண்கள் சிலர் அதை நடத்தினர். கமலாதேவி சட்டோபாத்யாய் 1948இல் தொடங்கிய இந்தியக் கூட்டுறவு ஒன்றியம், ஃபரீதாபாத் உள்ளிட்ட இடங்களில் அகதிகளைக் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரட்டியதோடு, பின்னர் தில்லியின் மத்தியக் குடிசைத்தொழில் விற்பனையகத்தை நடத்தும் பொறுப்பையும் ஏற்றது. எதைச் செய்தால் விற்கும் என்று தெரிந்தவர்கள், எதைக் கற்பிப்பது என்பதையும் தீர்மானித்தார்கள். இரண்டாவது செய்தி அதைவிட முக்கியமானது: அந்தப் பெண்கள் வந்த நாளிலிருந்தே இந்தியாவின் மக்களாகக் கருதப்பட்டவர்கள். தையல் பிடிக்காதவர் செவிலியராகவும் ஆசிரியையாகவும் தட்டச்சராகவும் ஆவதற்குத் தடையில்லை. மகள் அரசுத் தேர்வு எழுதத் தடையில்லை. மனை வாங்கத் தடையில்லை. பயிற்சி பலிக்காத இடத்திலும் குடியுரிமை அவர்களைத் தாங்கிக்கொண்டது.

ஜோர்டானின் அனுபவம் இன்னும் அண்மையது, இன்னும் நுணுக்கமானது. 2016 பிப்ரவரியில் லண்டனில் நடந்த மாநாட்டில், சிரிய அகதிகளுக்கு 2 லட்சம் வேலைவாய்ப்புகளைத் திறந்துவிட ஜோர்டான் இசைந்தது. கைம்மாறாகச் சலுகைக் கடன் கிடைத்தது. குறிப்பிட்ட தொழில் மண்டலங்களில், பணியாளரில் 15 விழுக்காடேனும் சிரியராக உள்ள ஆலைகளின் பொருள்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதி விதிகளைத் தளர்த்தியது. சட்டத் தடையை நீக்குவதும் சந்தையைத் திறப்பதும் ஒரே ஒப்பந்தத்தில் வந்தது உலகில் அதற்குமுன் அரிதாகவே நடந்த செயல். இருந்தும் தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட பணி அனுமதிகளில் பெண்கள் பெற்றவை நூற்றுக்கு ஐந்தளவிலேயே நின்றுவிட்டன. ஆடை ஆலைகள் இருந்த மண்டலங்கள் சிரியர்கள் வாழ்ந்த இடங்களிலிருந்து தொலைவில் இருந்தன. பேருந்துக் கட்டணமும் நேரமும் கூலியை விழுங்கின. குழந்தைக் காப்பகம் இல்லை. அந்த ஆலைகளில் ஏற்கெனவே வேலைசெய்துகொண்டிருந்தவர்கள் வங்கதேசம், இலங்கை, இந்தியா, நேபாளம் ஆகிய நாடுகளிலிருந்து தனியே வந்து விடுதியில் தங்கி நெடுநேரம் உழைக்கும் பெண்கள். வீட்டில் நான்கு பிள்ளைகளோடு இருக்கும் ஒரு சிரியத் தாயால் அந்த வாழ்க்கைமுறைக்கு மாற இயலவில்லை.

பிறகு ஜோர்டான் அரசு செய்த திருத்தம்தான் கவனிக்கத்தக்கது. 2018 இறுதியில் உணவு பதப்படுத்தல், தையல், கைவினை ஆகிய துறைகளில் வீட்டிலிருந்தே பதிவுபெற்ற தொழில் நடத்தச் சிரியர்களுக்கு அனுமதி வழங்கப்பட்டது. பெண்ணை ஆலைக்கு இழுப்பதை விட்டுவிட்டு, அவள் இருக்கும் இடத்துக்கு உரிமத்தைக் கொண்டுபோகும் முயற்சி அது. இதில் ஆபத்தும் உண்டு. வீட்டுத்தொழில் பெண்ணை வீட்டுக்குள்ளேயே நிறுத்திவிடும், சமையலுக்கும் தையலுக்கும் இடையே ஓய்வு என்பதே இல்லாமற் போகும் என்று பெண்ணியலார் எழுப்பும் ஐயம் நியாயமானது. ஆனாலும் பதிவில்லாமல் பயந்து பயந்து சமைத்து விற்பதற்கும், பெயர்ச்சீட்டு ஒட்டிக் கடைக்கு அனுப்புவதற்கும் உள்ள வேறுபாட்டைச் சிறிதென்று சொல்ல முடியாது.

சுருள்பாசியும் சுழல்நிதியும்

தமிழ்நாட்டு முகாம்களில் தையலுக்கு அப்பால் முயற்சிகள் நடக்காமல் இல்லை. ஈழத் தமிழர் தலைவர் எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தின் மகன் எஸ்.சி. சந்திரஹாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், அகதிகளாலேயே நடத்தப்படும் அமைப்பு. ஸ்பைருலினா எனப்படும் சுருள்பாசியைத் தொட்டிகளில் வளர்த்து உலர்த்திப் பொடியாக்கும் முறையை அது முகாம் பெண்களுக்குக் கற்பித்தது. புரதம் மிகுந்த இந்த நுண்பாசிக்குப் பெரிய நிலம் தேவையில்லை. வெயிலும் உப்புகள் கலந்த காரத்தன்மையுள்ள நீரும் அன்றாடம் கலக்கிவிடும் கையும் போதும். முகாம் பிள்ளைகளின் சத்துக்குறையைப் போக்க எடுக்கப்பட்ட இம்முயற்சி, பெண்களுக்கு உடலியல், நீரின் தன்மை, தூய்மை முறை ஆகியவற்றில் அடிப்படை அறிவையும் கொடுத்தது. நிலமற்றவருக்கு எந்தத் தொழில் பொருந்தும் என்று யோசித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதாலேயே இது தையலிலிருந்து வேறுபடுகிறது. 1991இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பின் தொண்டு நிறுவனங்கள் முகாம்களுக்குள் செல்லக் கடுமையான கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டு, பல ஆண்டுகள் இத்தகைய பணிகள் முடங்கின என்பதையும் சேர்த்தே இவ்வரலாற்றைப் படிக்க வேண்டும்.

மற்றொரு வழி மகளிர் சுயஉதவிக் குழு. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் துணையோடு 1989இல் தருமபுரியில் தொடங்கி மாநிலம் முழுதும் பரவிய இந்த முறை, பத்துப் பதினைந்து பெண்கள் சேர்ந்து சேமித்து, அந்தச் சேமிப்பின் பலத்தில் தமக்குள் கடன் கொடுத்து, பின்னர் வங்கிக் கடனும் பெறுவது. ஈடு இல்லாத இடத்தில் ஒருவருக்கொருவர் தரும் பொறுப்பே ஈடாக நிற்பதால், சொத்துரிமை இல்லாத முகாம் பெண்களுக்கு இதைவிடப் பொருத்தமான கடன்முறை வேறில்லை. 2021ஆம் ஆண்டு அறிவிப்பில் 300 குழுக்களுக்குத் தலா 1.25 லட்சம் ரூபாயும், 321 குழுக்களுக்குத் தலா 75,000 ரூபாயும், ஆக 6 கோடியே 16 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது; 5,000 இளைஞர்களின் திறன்பயிற்சிக்கு 10 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. தலைக்கு 20,000 ரூபாய் பயிற்சிக்கு. 1.25 லட்சம் பெறும் குழுவில் பன்னிரண்டு பேர் இருந்தால், தொழில் முதலாகத் தலைக்குக் கிடைப்பது 10,000 ரூபாயை ஒட்டியது. கற்பிப்பதற்கு ஆகும் செலவில் பாதிதான் கற்றதை நடத்துவதற்குத் தரப்படுகிறது என்ற இந்த விகிதம் கவனிக்கத்தக்கது. இருந்தாலும் இந்த 6 கோடி ரூபாயை, அளவில் சிறியதேனும், அந்த 10 கோடியைவிடப் பயனுள்ளதென்று மதிப்பிட இடமுண்டு. குழுவுக்குள் கொடுக்கும் கடனைத் திருப்பிக் கட்டினால் அந்தப் பணம் சுழல்நிதியாக மறுபடி மறுபடி சுழலும்.

முகாம் பெண்கள் கைவசம் வைத்திருக்கும் ஒரு திறன் இன்னும் பரவலாகச் சந்தைப்படுத்தப்படவில்லை. கொத்தமல்லியும் சீரகமும் மிளகாயும் தனித்தனியே வறுத்து இடிக்கும் யாழ்ப்பாணக் கறித்தூளும், இடியப்பம், புட்டு, சொதி, சம்பல் என்ற உணவு வகைகளும் தமிழ்நாட்டு நகரங்களில் இன்று விலைபோகக் கூடியவை. டொரன்டோவிலும் லண்டனிலும் அவற்றுக்குப் பெருஞ்சந்தையே இருக்கிறது. இதற்கு வேண்டியது பயிற்சி வகுப்பன்று. பொதுச் சமையற்கூடம், உணவுப் பாதுகாப்புப் பதிவு, பொதி செய்யும் இயந்திரம், குழுவின் பெயரில் ஒரு வணிகப் பெயர், அரசின் விற்பனை நிலையங்களில் ஓர் அடுக்கு இடம் ஆகியவையே வேண்டும். 2022 செப்டம்பரில் திண்டுக்கல் மாவட்டம் தோட்டனூத்தில் 321 புதிய வீடுகள் கொண்ட குடியிருப்பு திறக்கப்பட்டதைத் தொடர்ந்து மற்ற இடங்களிலும் கட்டப்படும் குடியிருப்புகளில், வீடுகளோடு சேர்த்து இத்தகைய கூடத்தையும் குழந்தைக் காப்பகத்தையும் தொடக்கத்திலேயே வரைபடத்தில் சேர்ப்பது பின்னர் சேர்ப்பதைவிடச் செலவு குறைந்தது.

படித்த மகள்கள்

இத்தனைக்கும் நடுவே திட்டமிடுவோர் காணத் தவறும் தலைமுறை ஒன்று வளர்ந்து நிற்கிறது. முகாம்களில் பிறந்து தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்துக் கல்லூரிப் பட்டம் பெற்ற பெண்கள் பலர் இருக்கிறார்கள். பத்துக்குப் பத்தடி அறையில் விளக்கொளிக்கு இடம் பார்த்து உட்கார்ந்து வணிகவியலும் கணினி அறிவியலும் படித்தவர்கள் இவர்கள். அரசுப் பணிக்குக் குடியுரிமை வேண்டும். பெரிய தனியார் நிறுவனங்கள் பின்புலச் சரிபார்ப்பில் கேட்கும் கடவுச்சீட்டு இவர்களிடம் இல்லை. ஆகவே பட்டம் பெற்ற பெண் அருகிலுள்ள துணிக்கடையில் கணக்கெழுதுகிறாள். அவளை அழைத்து மறுபடியும் மூன்று மாதத் தையல் வகுப்பில் உட்காரவைப்பது அவளுடைய படிப்புக்குச் செய்யும் அவமதிப்பு. அவளுக்கு வேண்டியது, இன்னின்ன ஆவணங்கள் போதும், இவரைப் பணியில் அமர்த்துவது சட்டப்படி குற்றமில்லை என்று நிறுவனங்களுக்கு அரசு அளிக்கும் ஒரு பக்கக் கடிதம். 2025ஆம் ஆண்டின் விலக்கு ஆணைக்குப் பின் அத்தகைய கடிதத்தை எழுதுவது முன்னைவிட எளிது.

இலங்கைக்குத் திரும்ப விரும்பும் குடும்பங்களுக்குப் பிரச்சினை வேறு வடிவம் எடுக்கிறது. இந்தியாவில் திறன்பயிற்சிச் சான்றிதழ்கள் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பின்கீழ் தரம்பிரிக்கப்படுகின்றன. இலங்கையில் தேசியத் தொழில் தகைமை என்ற ஏழு நிலைகள் கொண்ட வேறு முறை நடப்பில் உள்ளது. முகாமில் பெற்ற சான்றிதழ் கடலைக் கடந்தவுடன் வெறும் தாளாகிவிடாமல் இருக்க, இரண்டு நாடுகளின் தொழிற்கல்வி நிறுவனங்களும் நிலைக்கு நிலை ஒப்புமை வகுத்துக்கொள்ள வேண்டும். முறையாகப் படிக்காமல் வேலைசெய்தே கற்றுக்கொண்டவரின் திறனைச் சோதித்துத் தகைமை வழங்கும் வழி இலங்கை முறையில் ஏற்கெனவே இருக்கிறது. அந்தச் சோதகர்கள் சென்னைக்கும் திருச்சிக்கும் வந்து, திரும்பத் தயாராக இருக்கும் பெண்களை இங்கேயே சோதித்து, வவுனியாவிலும் மன்னாரிலும் செல்லத்தக்க சான்றிதழைக் கையில் கொடுத்தனுப்ப ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போதும். சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகம் முகாமில் பிறந்த பிள்ளைகளின் பிறப்பையும் குடியுரிமையையும் பதிவுசெய்து வருகிறது. அதே மேசையில் தாய்மாரின் தொழில் தகைமையையும் பதியச் செய்வதற்கு இரு அரசுகளில் எது முதலில் கடிதம் எழுதும் என்பதே மீதியுள்ள கேள்வி.